சிவப்புச் சேவலைத் திருப்பி அழைத்துக்கொள்வது பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நிற்க.

தாங்கள் ஆசையாகக் கொடுத்தனுப்பிய கோழிக்குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. அதுதான் பிரச்சினை. சிவப்புச் சேவலுக்குக் குரல் உடைந்து கூவ ஆரம்பித்ததிலிருந்து கொல்லையில் ரவுடித்தனம் தாங்கவில்லை. தீனித் தட்டில் முதல் வாய் அவனுக்கு. குறுக்கே யார் வந்தாலும் மண்டையில் ஒரு கொத்து. போதாததற்குப் பெட்டைகளை ஓட ஓட விரட்டி, பிடரியைக் கவ்வி, முதுகில் ஏறி மிதிக்கிறான். மாணவர் விடுதிக் காப்பாளராகவே காலம் தள்ளியவன் நான், கண்ணெதிரே ராகிங் நடந்தால் சும்மா இருப்பேனா? விசிலை ஊதிக்கொண்டு ஓடிப்போய் இழுத்துவிட்டேன். அடுப்படி ஜன்னலில் என் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அது சண்டை இல்லைங்க! ரெண்டு பிள்ளை பெத்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியல?"

தெரியாமல் என்ன? அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா சம்பந்தி? சிவப்பனைக் கூடை போட்டுக் கவிழ்த்தேன். அப்பாடா என்று உட்காரக்கூட இல்லை, அதுவரை மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த கறுப்புச் சேவல் ஒரு இறக்கையைத் தரையில் தேய்த்துப் பக்கவாட்டில் ஆட்டம் போட்டுவிட்டு அதே வேலையை ஆரம்பித்துவிட்டான். அவனையும் கவிழ்த்தேன். சரி, பெண்பிள்ளைகளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று பார்த்தால், வெள்ளைப் பெட்டை மற்றவர்களை விரட்டி விரட்டிக் கொத்துகிறாள். அவளை அடைத்தால் அடுத்தவள், அவளையும் அடைத்தால் அதற்கடுத்தவள். கூடை தீர்ந்து, அழுக்குத்துணிக் கூடை, குளியலறை வாளி வரை போயாயிற்று. கடைசியில் வெளியே மிஞ்சியது ஒரு புள்ளிப் பெட்டை. இத்தனை நாளும் எல்லாரிடமும் கொத்து வாங்கிய அப்பாவி. இப்போது கொத்துவதற்கு வேறு ஆளில்லாமல் என் காலைக் கொத்துகிறாள்! "வரிசையில இப்ப நீங்கதான் கடைசி" என்று வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துத் தீர்ப்பும் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள கொல்லை அமைதியாகணும். இல்லேன்னா எல்லாத்தையும் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பிடுவேன்."

ஓய்வுபெற்ற பிறகு என் அதட்டலைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? இவையும் போய்விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே தயவுசெய்து சிவப்பனை மட்டும் வந்து கூட்டிப்போங்கள். மற்றவர்களை நான் திருத்திவிடுவேன்.

மாப்பிள்ளையும் மகளும் சண்டை சச்சரவில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: வர வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு நான் உறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டம்மா எல்லாரையும் திறந்துவிட்டாள். சிவப்பன் ஒரு சுற்று வந்தான். ஆளுக்கொரு கொத்து. அவ்வளவுதான், அவரவர் இடத்தில் நின்று அமைதியாகத் தின்கிறார்கள். "கலகம் பண்ணினது யாருன்னு இப்பத் தெரியுதா?" என்றாள். கோழிகள் இங்கேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான்தான் வருகிறேன்.