ஈ காக்கா இல்லாத தெரு

"டிக்."

காலையில் பால் வாங்கக் கிளம்பிய செக்ரட்டரியின் ஸ்கூட்டர் வாசலைத் தாண்டியதுமே அந்தச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மதில் ஓரம் குடை விரித்து, மடக்கு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் நகராட்சி அடையாள அட்டை. உள்ளங்கைக்குள் வண்டி எண்ணும் கருவி. அவரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்துவிட்டு, பின்னால் வந்த லாரிக்கும் ஒரு "டிக்" வைத்தாள்.

செக்ரட்டரி என்றதும் பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தெருவாசிகள் சங்கத்தின் செயலாளர். "எங்க தெருவுல வண்டி ஓயறதே இல்ல, மார்க்கெட் லாரி எல்லாம் இப்படித்தான் போகுது, ரோடு குண்டும் குழியுமா இருக்கு, புதுசா போட்டுக் குடுங்க" என்று நகராட்சிக்குச் செருப்புத் தேய நடந்தவர். அவர் தலை தெரிந்தாலே அங்கே பாதிப் பேர் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வண்டி எண்ண ஆள் வந்ததும் குதித்துக் கூத்தாடியிருக்க வேண்டும். மாறாக ஸ்கூட்டரை அணைத்து, சத்தமில்லாமல் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். காரணம், தெருமுனையில் இருந்த அவர் வீட்டின் போர்ட்டிகோ. புதுக் காருக்காக ஆசை ஆசையாகக் கட்டியது. கார் கொஞ்சம் நீளம் என்பதால் போர்ட்டிகோவும் ஒரு முழம் ரோட்டுக்குள் வந்துவிட்டது. "ரோடு பொதுமக்களோடது. நானும் பொதுமக்கள்தானே?" என்பது அவர் கட்சி.

உடனே மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் நகராட்சியில் தண்ணீர் வரிப் பிரிவில் இருந்தான். மற்ற பிரிவுச் செய்திகளெல்லாம் அவனுக்கு அரைகுறையாகத் தெரியும்.

"மாமா, ரோடு புதுசா போடப் போறாங்க. வண்டி நிறைய ஓடினா அகலமாக்குவாங்க. ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிறது எல்லாம் காலி."

"நீட்டிக்கிட்டுன்னா எது?"

"தெரியாத மாதிரி கேட்கிறீங்களே மாமா! ஊர்லயே உங்களுதுதானே அவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு?"

செக்ரட்டரி போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர்மதிலை எட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா எண்ணுறீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"நானே போய் வாயக் குடுத்து மாட்டிக்கவா? நீ சும்மா இரு."

அன்றே சங்கத்தின் அவசரக் கூட்டம், அதே போர்ட்டிகோவின் கீழ் நடந்தது. போர்ட்டிகோவைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. "உங்க எல்லார் மதிலும் போயிடும்" என்றார். பல் டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. அவருடைய கிளினிக் படிக்கட்டும் ரோட்டில்தான் இறங்கியது.

"என்ன பண்ணலாம், செக்ரட்டரி?"

"எண்ணி முடிக்கிற வரைக்கும் நம்ம வண்டி ஒண்ணுகூட இந்தத் தெருவுல ஓடக் கூடாது. எல்லாத்தையும் பின்தெருவுல நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். ஆனாலும் டிக் டிக் நிற்கவில்லை. வெளி வண்டிகளும் லாரிகளும் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தன. செக்ரட்டரி விடுவாரா? சங்கக் கிடங்கில் கிடந்த பழைய தகர டிரம்மை உருட்டிப்போய் தெருவின் மறுகோடியில் நிறுத்தி, "வேலை நடைபெறுகிறது, பின்தெரு வழியாகச் செல்லவும்" என்று பலகை மாட்டினார். யார் வைத்தது, என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. பலகைக்கு இருக்கும் மரியாதை மனிதனுக்கு எங்கே இருக்கிறது?

லாரிகள் பின்தெருவுக்குத் திரும்பின. தெரு அடங்கியது. அதோடு தெருவாசிகளின் பாடும் தொடங்கியது.

பல் பிடுங்க வந்த ஒருவர் பலகையைப் பார்த்துப் பின்தெருவுக்குப் போய், அங்கிருந்த சலூன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். வழவழவென்று ஷேவ் செய்து அனுப்பினார்கள். வீக்கம் அப்படியே இருந்தது. பள்ளி வேன் வராததால் பிள்ளைகள் நடந்தார்கள், அவர்களின் பையைச் சுமந்துகொண்டு அப்பாக்கள் பின்னால் நடந்தார்கள். செக்ரட்டரி வீட்டுக் கேஸ் சிலிண்டரைப் பின்தெருவிலேயே இறக்கிவிட்டார்கள். அவரே அதை உருட்டிக்கொண்டு வந்தார். உருளுகிற எல்லாவற்றுக்கும் டிக் உண்டோ என்ற பயத்தில் அந்தப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பாவம் பார்த்து விட்டுவிட்டாள்.

வியர்த்து விறுவிறுத்து வந்தவரை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கார் நிக்கத்தானே போர்ட்டிகோ கட்டினீங்க? இப்ப கார் பின்தெருவுல வெயில்ல நிக்குது. நீங்க நிழல்ல நிக்கிறீங்க."

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

"நான் பொறுத்துக்குவேன். டாக்டர் பொண்டாட்டி உங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்க. நோயாளியே வரலையாம்."

அதற்குள் மேஜர் வந்துவிட்டார். பின்தெரு சங்கத் தலைவர். ராணுவத்தில் இருந்தாரோ இல்லையோ, மீசை இருந்தது.

"என்னய்யா இது அநியாயம்? உங்க வண்டி எல்லாம் எங்க வாசல்ல! லாரி வேற! நான் வீட்டை விட்டு வெளிய வர்றதுக்கு ஜன்னல் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கு."

"கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க மேஜர். அக்கம்பக்கம்னா அப்படித்தானே?"

"எங்க தெருவுலயும் ஒருத்தன் உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்கான். பட்டனை அமுக்கி அமுக்கி அவன் கட்டைவிரலே வீங்கிப்போச்சு!"

செக்ரட்டரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பின்தெருவிலும் எண்ணுகிறார்களா? அப்படியானால் அகலமாக்கப் போவது அதைத்தான். இடிபடப் போவது மேஜர் வீட்டு மதில்தான். உள்ளே பொங்கிய சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, மேஜரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார். அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு சைக்கிள்களையும் பின்தெருவுக்கு ஓட்டிப் போகச் சொன்னார்.

எண்ணும் வேலையின் கடைசி நாள் மாலை. நடுரோட்டில் ஒரு நாய் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குடையை மடக்கினாள். தெருவே கூடிவிட்டது. செக்ரட்டரி பழச்சாறும் கையுமாகப் போனார்.

"வண்டியே இல்லாம உங்களுக்குப் பொழுதே போயிருக்காதேம்மா?"

"ஆமா சார். ஒரு ஸ்வெட்டரே பின்னி முடிச்சுட்டேன்."

"அப்ப எங்க தெருவை அகலமாக்க மாட்டீங்க?"

"சேச்சே, இந்த ரோட்டைத் தொடவே மாட்டோம் சார். ரெண்டு தெருவுல எதுல வண்டி அதிகமோ, அதுக்குத்தான் புது ரோடு. நேத்து வரைக்குமான கணக்குலயே பின்தெருவுக்குன்னு ஆபீஸ்ல முடிவாயிருச்சு. நடைபாதை, விளக்கு, எல்லாம் புதுசு."

அந்தப் புது ரோட்டுக்காகத்தான் இத்தனை காலம் செருப்புத் தேய நடந்தோம் என்பது செக்ரட்டரிக்கு லேசாக உறைத்தது. போகட்டும், போர்ட்டிகோ பிழைத்தது.

"மேஜர் மதிலை இடிக்கும்போது பார்த்து இடிங்கம்மா, பாவம்" என்றார் பெருந்தன்மையாக.

"அங்க இடிக்க ஒண்ணும் இல்ல சார். எல்லாரும் உள்ள தள்ளித்தான் கட்டியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே அவள் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். நேராகப் போர்ட்டிகோவுக்கு நடந்து, முன் தூணில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

செக்ரட்டரி பழச்சாறோடு அவள் பின்னால் ஓடினார். "இது... இது எதுக்கும்மா?"

அவள் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டாள்.

"பின்தெரு வேலை முடியிற வரைக்கும் அந்தப் பக்கம் போற பஸ்ஸு, லாரி அத்தனையையும் எந்த வழியா விடறதுன்னு தெரியாம எங்க ஆபீஸே முழிச்சுக்கிட்டு இருந்துச்சு சார், நல்லவேளை, பக்கத்துலயே இப்படி வெறிச்சோடின தெரு ஒண்ணு கெடைச்சிருச்சு, முனையில வண்டி திரும்ப இந்த ஒரு போர்ட்டிகோவை எடுத்துட்டா போதும்!"