குறை உற்பத்தியான இடம்

ஐம்பத்தாறாவது வயதில் என் காதுகள் ஓய்வுபெற்றன. அவற்றுக்குப் பணி நீட்டிப்பு வழங்கும் பொருட்டு இணையத்தில் ஒரு காது மெஷின் வரவழைத்தேன். தேவையற்ற இரைச்சலைத் தானே கற்றுக்கொண்டு நீக்கும் என்றது விளம்பரம்.

நீக்கியது. முதலில் மாமல்லபுரத்து உளிச்சத்தம் போயிற்று. பிறகு ஈ.சி.ஆர். பஸ் ஹாரன். பிறகு என் மனைவி வச்சலா. பால்காரர் குரல் கேட்டது, நான் பதிலுக்குப் பதில் பேசும் டிவி விவாதம் கேட்டது. அவளுக்கு வாய் மட்டும் அசைந்தது.

"கேஸ் போடுங்க. இல்லன்னா திருக்கழுக்குன்றத்துல அண்ணன் வூட்டுக்குப் போய்ட்றேன்" என்று காலண்டர் தாளில் எழுதிக் காட்டினாள்.

போட்டேன். குறை எந்த எல்லைக்குள் எழுந்தது என்பதே நுகர்வோர் ஆணையத்தின் முதல் கவலை.

"கம்பெனி சிங்கப்பூருங்க. சிப்பு தைவான்" என்றார் என் வக்கீல் கியாசுதீன் பாய்.

"கேக்காம போனது எங்க?" என்றார் ஆணையத் தலைவர்.

"மாமல்லபுரம், சமையல்கட்டு."

"அப்போ குறை இறக்குமதி ஆயிருக்கு. சுங்கம் கட்டின ரசீது?" என்றார் தலைவர்.

"மெஷினுக்கு இருக்குங்க."

"குறைக்கு?"

ஒத்திவைப்பு.

பல ஒத்திவைப்புகளுக்குப் பின் சிங்கப்பூர் நிறுவனம் திரையில் தோன்றியது. பொறியாளர் ஹேமந்த், பூர்வீகம் கூடுவாஞ்சேரி.

"மெஷின் சரியாத்தான் கீது சார். எந்தக் குரலுக்குப் பதிலே வரலியோ, அத்த இரைச்சல்னு எடுத்துக்கும். அம்மா தெனம் கூப்ட்டுகினேதான் இருந்தாங்க. இவரு 'உம்'னுகூட சொல்லல."

மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். அதைக் கருவி கேட்காதது குறையல்லவா என்று வாதிட்டேன். என் வாதம் எனக்கே சற்று வெட்கமாக இருந்தது.

தலைவர் வச்சலாவைப் பார்த்தார். "மெஷினுக்கு முன்னாடி எப்படிம்மா?"

அவள் பதிலைப் பாய் உரக்கத் திருப்பிச் சொன்னார்: "அப்பவும் இப்டித்தானாம். காது போச்சுன்னு நெனச்சுகினு மெஷின் வாங்கச் சொன்னதே அவங்கதானாம்."

"மனுதாரர் பிறந்த ஊர்?"

"கருங்குழி."

தலைவர் முகம் தெளிந்தது. குறை உள்ளூர் உற்பத்தி என்றும், விசாரிக்க ஆணையத்துக்கு முழு அதிகாரம் உண்டென்றும், உத்தரவாதக் காலம் கடந்துவிட்டதால் மாற்றித்தர வழியில்லை என்றும் ஆணையிட்டார். அவர் மேஜையில் கைப்பேசி 'வீடு' என்று ஒளிர்ந்தது, கவிழ்த்து வைத்தார். பாயுடையது ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது. திரையில் ஹேமந்த்துக்குப் பின்னால் ஒரு பெண் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றாள். அவர் திரும்பவில்லை.

திருந்துவதென்று முடிவெடுத்தேன். வீடு திரும்பும் பஸ்ஸில் வச்சலா வாய் அசைந்தது. மெஷினுக்குப் பாடம் கற்பிக்க, உடனே "உம், உம்" என்றேன்.

திருக்கழுக்குன்றத்தில் அவள் இறங்கிப் போனபோதுதான் என்ன கேட்டாள் என்று தெரிந்தது.