தொட்டார்களா, தொடவில்லையா?

மனித நாகரிகம் எங்கெங்கோ தோன்றியிருக்கலாம். அது முழுமை அடைந்தது திருச்சி புத்தூரில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடியில். எங்கள் 'காவிரித் திரை ரசனைக் கழகம்' ஞாயிறு மாலைகளில் அங்கேதான் கூடுகிறது. கீழே ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். மேலே நாங்கள் கலையில் ஆழம் பார்ப்போம். செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு.

சென்ற மாதம் உறுப்பினர் கலைமதிக்குப் பிரிவுபசார விழா. அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மன்னார்புரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு முசிறியில் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. முடிவெடுத்தவர் அண்ணன்.

விழாவுக்கென்றே ஒரு கருப்பு வெள்ளைக் காவியத்தைத் திரையிட்டோம். பெயர் வேண்டாம்; அதன் பெயரைச் சொன்னாலே இப்போது புத்தூரில் சண்டை வருகிறது. போஸ்ட் மாஸ்டரின் விதவைத் தங்கை, மாடியில் குடியிருக்கும் டாக்டர். ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. இருவரும் வாயே திறப்பதில்லை. கடைசியில் டாக்டர் ஊரைவிட்டுக் கிளம்புகிறார். அவள் காபி டம்ளரை நீட்டுகிறாள். அவர் வாங்குகிறார். டம்ளர் லேசாக ஆடுகிறது. விரல்கள் பட்டனவா என்று பார்ப்பதற்குள் திரை இருண்டுவிடுகிறது.

விளக்கைப் போட்டதும் கழகம் இரண்டாக உடைந்தது.

"பட்டுச்சுங்க!" என்றார் தலைவர் அற்புதசாமி. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். "வெளியிலேர்ந்து ஒரு விசை படாம டம்ளர் எப்படிங்க ஆடும்?"

"ஸ்பர்சம் நடக்கவேயில்லை," என்றார் ஸ்ரீரங்கத்துத் திருமலைநம்பி. "அடியேன் ரெண்டு கண்ணாலயும் சேவிச்சேன். காபி கொதிக்கக் கொதிக்க இருந்தது, சுவாமி. சூடு தாங்காம ஆடித்து."

'பட்ட கட்சி', 'படாத கட்சி' என்று நாற்காலிகள் தாமாகவே பிரிந்தன. உடனே ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. கொதிக்கும் காபியை டம்ளரில் ஊற்றிச் செய்முறைச் சோதனை நடத்துவதென்று தீர்மானமாயிற்று. டம்ளரைப் பிடிக்கும் பெருமை செயலாளருக்கு. கை கொப்பளித்தது. கீழே போய் மருந்து போட்டுக்கொண்டு வந்தேன். சோதனையின் முடிவு இரு கட்சிக்கும் சாதகமாக இருந்தது.

"விழா நாயகியும் ஒரு கருத்துச் சொல்லட்டுமே," என்றார் தலைவர்.

கலைமதி எழுந்தார். "பட்டா என்ன, படாட்டி என்னங்க? 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்தம்மா?"

அரங்கம் அதிர்ந்தது.

"சொல்லிட்டா படம் இடைவேளையிலயே முடிஞ்சிடுமேம்மா!" என்று பதறினார் அற்புதசாமி.

"அடக்கி வெச்சாத்தான் காவியம்," என்றார் திருமலைநம்பி. "வெளில சொல்லிட்டா அது வெறும் கல்யாணம்."

அப்போது ஜேக்கப் எழுந்தார். ரயில்வேயில் ஃபோர்மேனாக இருந்தவர், மனைவியை இழந்தவர். எப்போதும் கலைமதிக்குப் பக்கத்து நாற்காலி; இடைவேளையில் ஆளுக்குப் பாதி கடலை மிட்டாய்; படம் முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடை. இதுவரை எந்தப் படத்தைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை. 'மௌன ரசனை' என்று அதைப் பாராட்டிச் சால்வைகூடப் போர்த்தியிருக்கிறோம்.

"அந்தம்மா மட்டுமாங்க? டாக்டரும் சொல்லியிருக்கலாம்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் திரும்பினார். "கலைமதி, முசிறிக்குப் போகாதீங்க."

"இதைச் சொல்ல இத்தனை நாளாங்க?" என்றார் கலைமதி. "சாமானெல்லாம் மூட்டை கட்டிட்டேனே!"

"நான் வந்து அவுத்துத் தரேங்க."

படாத கட்சியில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கலைமதியோ சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. "அண்ணனுக்கு நானே போன் பண்றேன்," என்றார்.

"ஜேக்கப்! இந்த வயசுல இதென்ன?" தலைவர் மேசையைத் தட்டினார். "உங்க பொண்ணு ஆன்சிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியும் சார். 'இன்னிக்காச்சும் சொல்லிடுங்கப்பா'ன்னு இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்ததே அவதான்."

கழகத்தின் கண்ணியத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை. 'திரையில் அடக்கப்பட வேண்டிய உணர்ச்சிகளை அரங்கில் வெளிப்படுத்தியமைக்காக' இருவரையும் நீக்கும் தீர்மானத்தைத் திருமலைநம்பி முன்மொழிய, அற்புதசாமி வழிமொழிந்தார். பட்ட கட்சியும் படாத கட்சியும் ஒன்றாகக் கை தூக்கியது கழக வரலாற்றில் அதுவே முதல் முறை. கொப்புளத்தோடு நானும் தூக்கினேன்.

இருவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கையைக் கோத்துக்கொண்டு, எவ்வித ஐயப்பாட்டுக்கும் இடம் வைக்காமல், படியிறங்கிப் போனார்கள்.

இடையூறு நீங்கியபின் தலைவர் நிறைவுரையைத் தொடங்கினார். அந்த விதவையின் தவிப்பை அவர் எடுத்துச் சொல்லச் சொல்ல, அவருக்கே குரல் தழுதழுத்தது. இரு கட்சியிலும் அழாதவர் இல்லை. இப்படிப்பட்ட இளகிய மனங்களை வேறெந்த ஊரில் பார்க்க முடியும்?

"பாவம், ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!" என்று விம்மினார் தலைவர். "அதைக்கூட அவளைச் சொல்ல விடாமப் பண்ணினது யாருங்க? யாரு?"

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தோம்.