அடுத்தவர் குதிரைக்குத் தீனி

மனிதரில் ஓர் இனம் உண்டு. அந்த இனத்தாரிடம் சொந்தமாகக் குதிரை இருக்காது. ஆனால் குதிரை என்ன தின்ன வேண்டும் என்பது தெரியும். மாடு இருக்காது, நிலம் இருக்காது, சில மாதங்களில் கடைசி வாரத்துக்கு அரிசிகூட இருக்காது; இருந்தும் உங்கள் மாட்டுக்கு ஏன் பால் வற்றியது, உங்கள் நிலத்துக்கு எந்த உரம் போட்டிருக்க வேண்டும், உங்கள் மாமனார் மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் தேய்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நுனிநாக்கில் நிற்கும். கேட்டால்தான் சொல்வார்களா? கேட்காமல் சொல்வதுதானே அடையாளம்! யாராவது கேட்டுவிட்டால்தான் கொஞ்சம் தடுமாறிப்போவார்கள்.

எல்லா ஊரிலும் இவர்கள் உண்டு என்றாலும் செஞ்சியில் விளைச்சல் சற்று அதிகம். காரணம் கோட்டை. கோட்டைக்குள்ளே ராஜா காலத்துக் குதிரை லாயம் இருக்கிறது. அதில் குதிரை நின்று எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இப்போது மழை வந்தால் வெள்ளாடுகள் ஒதுங்குகின்றன. அதனால் என்ன? லாயம் நம் ஊரில் இருக்கிறது, ஆகவே குதிரை ஞானம் நம் ரத்தத்தில் இருக்கிறது. தினமும் ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு பல் துலக்குகிறவனுக்கு வெளியூர்க்காரன் யாராவது வந்து குதிரையைப் பற்றிப் பாடம் நடத்த முடியுமா?

நம்முடைய தங்கராசுவை எடுத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன சட்டைகள் பொங்கலை எதிர்பார்த்துத் தொங்கும் ஒரு கொடி. ஸ்டூலில் உட்கார்ந்தால் நேர் எதிரே வேப்பமரத்தடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும். பொத்தானுக்குக் காஜா எடுக்கையில் அவருடைய கை பாட்டுக்கு வேலை செய்யும். கண் எதிரே குதிரையின் வாயில் இருக்கும். தன் வாயை மட்டும் அவர் சும்மா வைத்திருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

"பாய்! இன்னா அது, புல்ல அப்டியே போட்ற? ஒதறிப் போடு, ஒதறி!"

இந்த பாய் பீர் முகமது. குடை ரிப்பேர் செய்து பிழைத்தவர். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்ததில், மழையை நம்பாத ஒரு தொழிலைத் தேடி, போன மார்கழியில் ஒரு மட்டக் குதிரையையும் ஜட்காவையும் வாங்கினார். குதிரைக்கு மைனா என்று பெயர். சாம்பல் நிறம், சாது, சிங்கவரம் கோயிலுக்கும் கோட்டை அடிவாரத்துக்கும் ஆள் ஏற்றிப் போகும். பீர் முகமது வீட்டு அடுப்பு மைனாவின் நாலு காலில்தான் எரிந்தது. அரிசிக்கே ரேஷன் வரிசையில் நிற்கிற காலத்தில் கொள்ளு வாங்கிப் போடுவது சாமானியமா என்று கேட்பீர்கள். தங்கராசு அதற்கும் யோசனை வைத்திருந்தார்.

பீர் முகமதுவிடம் ஒரு பழக்கம். யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, "அப்டியே செய்யறேண்ணா" என்பார். தங்கராசுவுக்கு அது பிடிக்கும். அந்தப் பதிலுக்கு அர்த்தம் என்ன என்று அவருக்குத் தெரியும். அவரும் மனைவி ராஜம்மாளிடம் இருபது வருஷமாக "அப்டியே செய்யறேன்" என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்? சொல்கிறவருக்குச் சொன்ன திருப்தி, கேட்கிறவருக்குத் தலையாட்டிய திருப்தி, குதிரை பாட்டுக்கு அதற்கு வேண்டியதைத் தின்னும். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று நம்பி, மாதத்துக்கு ஒரு யோசனையாகத் தாராளமாக வழங்கிவந்தார்.

(கொள்ளை ஊறவைப்பதா, வேகவைப்பதா என்பதில் எனக்கும் திட்டவட்டமான ஓர் அபிப்பிராயம் உண்டு. குதிரை வைத்திருந்த அனுபவம் எதுவும் கலக்காத சுத்தமான அபிப்பிராயம். இருக்கட்டும், யாரும் கேட்கவில்லை.)

ஐப்பசி முடிகிற அன்று, மழை விட்ட ஒரு சாயங்காலம், பீர் முகமது மைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு தையல் கடை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, ஆரணியில பொண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிடுச்சி. நானும் வூட்ல ஹுசைன் பீயும் போயாவணும். வர்றதுக்கு மூணு நாலு வாரம் ஆவும். மைனாவ உங்ககிட்ட வுட்டுட்டுப் போறேன்."

"எங்கிட்டயா? வெளையாட்றியா பாய்? எனக்கு இன்னா தெரியும்?"

'எனக்கு இன்னா தெரியும்' என்ற சொற்கள் தங்கராசுவின் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பேசியது யார் என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பீர் முகமது சிரித்தார். "உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இத வாங்கனப்போ, கொடைக்கு எத்தினி கம்பின்னு கேட்டா சொல்லுவேன், குதிரைக்கு இன்னா போடறதுன்னு கேட்டா முழிப்பேன். நீங்க சொன்னதத்தான வருசம் பூரா போட்டுகினு வர்றேன்!"

"நான் சொன்னதயா?"

"எல்லாத்தயும். மார்கழில கொள்ள வேக வெச்சி வெல்லம் போடச் சொன்னீங்க, போட்டேன். சித்திரையில கொள்ளு சூடு, கிட்டயே காட்டாதன்னீங்க, நிறுத்திட்டேன். ஆடியில புல்ல வெயில்ல வாட்டிப் போடுன்னீங்க, வாட்டனேன். இப்ப ஐப்பசில தவுட்டுல மெளகு தட்டிப் போடச் சொன்னீங்க. மெளகு விக்கற வெலையில ஹுசைன் பீ ஒரு வாரம் எங்கூட பேசல. அப்பவும் போட்டனா இல்லயா? கார்த்திகைக்குத்தான் நீங்க இன்னும் சொல்லல. அது உங்க கையிலயே இருக்குது."

கயிற்றைத் தங்கராசுவின் கையில் வைத்துவிட்டு, ஆரணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

தங்கராசுவுக்கு வியர்த்துவிட்டது. மார்கழியில் ஏன் வெல்லம் என்று சொன்னோம்? அன்று விடியற்காலையில் குளிர் தாங்காமல், சூடாக, வெல்லம் போட்டு ஏதாவது தின்ன வேண்டும் என்று அவருக்கு நாக்கு ஊறியது. சித்திரையில் ஏன் கொள்ளு சூடு? அவர் முதுகில் வேனல் கட்டி. ஆடிக் காற்றில் அடுக்குத் தும்மல் போட்ட வாரம்தான் புல்லை வாட்டச் சொன்னது. ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுச் சளி, ராஜம்மாள் மூன்று வேளையும் மிளகு ரசம் வைத்தாள். ஆக, வருஷம் முழுவதும் தையல்காரருக்கு வந்த சீக்குக்கெல்லாம் எதிரே நின்ற மட்டக் குதிரை பத்தியம் இருந்திருக்கிறது. நல்லவேளை, புரட்டாசியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டபோது எதுவும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இந்த இனத்தாருக்கு நேரக்கூடிய பெரிய விபத்து இதுதான். சொன்னதை ஒருவன் செய்துவிடுவது! யாரும் செய்யமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே இவ்வளவு அள்ளி விடுகிறோம்?

முதல் நாலைந்து நாள் தங்கராசு வாயைத் திறக்கவில்லை. பீர் முகமது விட்டுப்போன சாக்கில் இருந்த கொள்ளை ஊறவைத்தார், புல்லைப் போட்டார், தண்ணீர் காட்டினார், இரண்டடி தள்ளி நின்று கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனாவும் மரியாதையாகத் தின்றது. ஆனால் செஞ்சியில் குதிரை ஞானம் அவர் ஒருவருக்கு மட்டுமா ரத்தத்தில் ஓடுகிறது? டீக்கடை கலியபெருமாள் வந்தார்.

"இன்னா டெய்லரே, கொள்ள ஊற வெச்சா போட்ற? மழ நாள்ல வயிறு மந்திச்சிடும். நேத்து பன்னு மீந்துது, அத நனைச்சிப் போடு."

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஜகபர் அலி வந்தார். தண்ணீர் பச்சையாக வைக்கக்கூடாதாம். காய்ச்சித்தான் வைக்க வேண்டுமாம். அதுவும் ஈயம் பூசிய பாத்திரத்தில்தான் காய்ச்ச வேண்டுமாம்.

இருவரும் போன பிறகு தங்கராசு ராஜம்மாளிடம் பொருமினார். "ஒரு நாள் குதிர மூஞ்சிய கிட்ட பாத்திருப்பானுங்களா? ஆளாளுக்கு யோசன சொல்ல வந்துட்டானுங்க!"

ராஜம்மாள் உள்ளே போனாள். உள்ளே போய்ச் சிரித்திருக்க வேண்டும். தங்கராசுவுக்கே பாதிச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதிதான். மீதிப் பாதியில் ரோஷம் இருந்தது. கண்டவர்களும் சொல்லும்போது, சொன்னதெல்லாம் பலித்த ஒருவர் சும்மா இருப்பதா? வருஷம் பூராவும் அவர் சொன்னதைத் தின்றுதானே மைனா இப்படி மினுமினுக்கிறது? எந்தக் காரணத்துக்காகச் சொன்னால் என்ன, பலித்ததா இல்லையா?

அந்த நேரம் பார்த்து சிங்கவரத்து மீனம்பாள் தலைச்சுமையோடு வந்தாள். வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். தங்கராசுவுக்கு இரண்டு நாளாகவே அவித்த மல்லாட்டை மேல் ஆசையாக இருந்தது.

"மல்லாட்டக் கொடி வோணுமாண்ணா? காத்தால புடுங்கனது. பாரு, எப்டி பச்சப்பசேல்னு இருக்குது!"

தங்கராசு எழுந்து நின்றார். கலியபெருமாளின் கடை வரைக்கும் கேட்கிற குரலில் கார்த்திகை மாதத்துக்கான தீர்ப்பைச் சொன்னார். "கார்த்திகையில குதிரைக்குக் கொடிதான்! எறக்கு!"

மழையில் நனைந்த கொடி, மண்ணோடு ஒரு சுமை. மைனா அவ்வளவையும் தின்றது. அது சாது என்று முன்பே சொன்னேன். எதைப் போட்டாலும் நம்பித் தின்கிற ஜாதி.

மறுநாள் காலையில் அது தின்னவில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, பின்னங்காலால் வயிற்றை உதைத்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. வயிறு இரண்டு பக்கமும் உப்பி, தட்டினால் மேளம் போலச் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் வியர்வை. தங்கராசு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி ஏறிய விரலுக்குக்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"இதுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா பாய் மூஞ்சில எப்டி முழிப்பீங்க?" என்றாள் ராஜம்மாள். "அவங்க சோறே இதாங்க."

அவருக்குத் தெரியாதா? அங்கே ஆரணியில் ஒரு மனுஷன், குதிரை நல்ல கையில் இருக்கிறது என்று நம்பித் தூங்குகிறானே என்று நினைத்தபடி, தோள் துண்டால் மைனாவின் வியர்வையைத் துடைத்தார்.

பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டு என்றார்கள். ஓட்டினார்கள். டாக்டர் காலையிலேயே ஜீப்பில் கிராமத்துக்குப் போயிருந்தார். உடனே கலியபெருமாள் ஓமத்தை அரைத்துக் கொடுக்க வேண்டும், தன் கடையில் இருக்கிறது என்று கயிற்றைப் பிடுங்கி மைனாவை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்தார். பாதி வழியில் ஜகபர் அலி மறித்தார். ஓமம் இன்னும் சூட்டைக் கிளப்பும், பெருங்காயம்தான், அது தன் வீட்டில் இருக்கிறது என்று கயிற்றைப் பிடித்து எதிர்ப்பக்கம் நடத்தினார். வீடு வந்ததும், பெருங்காயத்தை வெந்நீரிலா, மோரிலா என்ற பிரச்சினை எழுந்தது. மோர்க் கட்சி மோருக்காக மைனாவைக் கலியபெருமாளின் கடைக்குத் திருப்பிற்று. அங்கே போனதும் ஓமம் பழசு என்று யாரோ சொன்னார்கள். புது ஓமத்துக்காக மளிகைக்கடைத் தெருவுக்கு நடத்தினார்கள். "மொதல்ல எதையாவது குடுங்கடா!" என்று தங்கராசு கெஞ்சினார். கொடுக்கத்தான் போனார்கள். ஆனால் இதைக் கொடுக்க அவர் விடவில்லை, அதைக் கொடுக்க இவர் விடவில்லை. ஓமம் ஒருவர் கையிலும் பெருங்காயம் ஒருவர் கையிலும் இருக்க, மைனா செஞ்சியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது.

உச்சி வெயிலில், திண்டிவனம் பஸ்ஸுக்கு ஜனங்கள் காத்து நின்ற இடத்தில், மைனா சட்டென்று நின்றது. வாலைத் தூக்கியது. பஸ்தான் ஹாரன் அடிக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். அதைத் தொடர்ந்து, பச்சையாக, குவியலாக லத்தி விழுந்தது. உப்பிய வயிறு தணிந்தது. மைனா உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, ரோட்டோரத்துப் புல்லை முகர்ந்து பார்த்தது. தங்கராசு அந்த லத்திக்குப் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதார்.

"பாத்தியா டெய்லரே," என்றார் கலியபெருமாள், பிரிக்காத பொட்டலத்தை உயர்த்தி. "ஓமத்த கண்ணுல காட்டனதுக்கே கேட்டுது!"

"பெருங்காயம் வாசனயிலதான் கேட்டுது," என்றார் ஜகபர் அலி. அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை.

அதற்குப் பிறகு தங்கராசு வெறும் புல்லும் ஊறிய கொள்ளும் தவிர எதையும் கிட்டே அண்டவிடவில்லை. யோசனையோடு வந்தவர்களைக் கத்தரிக்கோலைக் காட்டித் திருப்பி அனுப்பினார். கார்த்திகை முடியும் சமயம் பீர் முகமது வந்து சேர்ந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள். மைனா அவரைக் கண்டதும் கனைத்தது.

"சூப்பரா வெச்சிருக்கீங்க! இன்னாண்ணா போட்டீங்க?"

தங்கராசு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நாலு நாளாக ஒத்திகை பார்த்திருந்தார். "பாய், உன் குதிர உசுருக்கே ஆபத்து வர இருந்துது. ஈரக் கொடியப் போட்டுட்டேன். எனக்குக் குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாது. சத்தியமா தெரியாது."

பீர் முகமது மைனாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார், தங்கராசுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணில் மரியாதை முன்னைவிட அதிகமாகிவிட்டது.

"வெசயம் தெரிஞ்சவங்கதாண்ணா தெரியாதுன்னு சொல்லுவாங்க. உசுருக்கு வந்ததயே காப்பாத்திக் குடுத்துட்டீங்க! அத வுடுங்க. மார்கழி பொறக்கப் போவுது. இன்னா போடணும், சொல்லுங்க."

தங்கராசு வாயை இறுக மூடிக்கொண்டார். தெரியாது என்று இன்னொரு முறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. எதிரே பீர் முகமது தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். உலகத்தில் வேறு யாரும் தங்கராசு பேசுவதற்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

"கொள்ள வேக வெச்சிக்க," என்றார் தங்கராசு. "வெல்லம் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்க."

அந்த வாரம்தான் ராஜம்மாள் அவருடைய காப்பியில் வெல்லத்தைக் குறைத்திருந்தாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஈரக் கொடியை இறக்கிய இடத்தில், 'காயவைத்துப் போடக்கூடாதோ?' என்றும், ஓமத்துக்கும் பெருங்காயத்துக்கும் சண்டை நடந்த இடத்தில், 'இரண்டும் இல்லை, இஞ்சிச் சாறு அல்லவா!' என்றும் உங்கள் உதடு லேசாக அசைந்ததே, அது ஏன்? உங்களிடம் குதிரை இருக்கிறதா? என்னிடமும் இல்லை. கொள்ளை ஊறத்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதையும் கடைசியில் சொல்லாமல் இருக்க முடியவில்லை பாருங்கள். நாம் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று உங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கலாம். அந்தக் குறை தீராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். முந்தாநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நீங்கள் சொன்னதையெல்லாம் பக்கத்தில் ஒருவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அவர் இந்நேரம் வீட்டில் அடுப்பு மூட்டி அதைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.