தகர டப்பாவில் மகள்

மகளிடம் பேசிவிட்டுப் போனை வைத்ததும் ஃபேன் மெக்கானிக்குக்கு அன்றும் மண்டை விண்விண்ணென்று தெறித்தது. காது வேறு கொதித்தது.

மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து மகள் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். "எப்படிப்பா இருக்கீங்க?" என்று அவள் ஆரம்பிப்பதோடு சரி. கேஸை மூடினாயா, தாழ்ப்பாளை மாற்றினாயா, மாமியாரிடம் வாயைக் கொடுக்காதே என்று அதற்கப்புறம் இவர் ஒரு மணி நேரம் விளாசுவார். மறுமுனையில் "ம்... ம்..." மட்டும் வரும்.

"எல்லாம் கதிர்வீச்சுண்ணே. காதுல வச்சா மூளை வெந்துடுமாம், மச்சான் வீடியோ அனுப்பினான்," என்றார் பக்கத்துக் கடை பேக்கரிக்காரர்.

நாள் முழுக்கக் கரண்டோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், இதைக் கேட்டு ஆடிப்போனார்.

மறுநாள் போனைக் கடை மேஜையில் கிடத்தி ஸ்பீக்கரில் போட்டார். அன்று பார்த்துத்தானா மகள் மாமியாரோடு போட்ட சண்டையைச் சொல்ல வேண்டும்? மிக்ஸி ரிப்பேருக்கு வந்திருந்த அம்மாள் குனிந்து, "தப்பு உன் மேலதான் கண்ணு," என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். மகள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

ஸ்பீக்கரும் வேண்டாம், காதும் வேண்டாம் என்று அடுத்த நாள் வீட்டுக்கு வந்ததும் போனைத் தகர டப்பாவில் போட்டு மூடிப் பரணில் ஏற்றினார். மணி அடித்தது கேட்கவில்லை. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மகள் பதறி வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்ல, அவர் நாலு பேரோடு வந்து கதவை உடைத்தார். உள்ளே குளித்துக்கொண்டிருந்த மெக்கானிக் சோப்பு நுரையும் தானுமாக நின்றார். துண்டு எட்டாத தூரத்தில் இருந்தது.

மானம் போன ஆத்திரத்தில் டப்பாவை இறக்கி மகளைக் கூப்பிட்டார்.

"இனிமே தினமும் கூப்பிடாதேம்மா. உன்கிட்டப் பேசினாலே எனக்குத் தலை வலிக்குது."

"சரிப்பா," என்றாள். அவ்வளவுதான்.

தலைவலி போயே போய்விட்டது. பேக்கரிக்காரர், தானே வைத்தியம் பார்த்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் சாயங்காலமானால் மெக்கானிக்கின் கை தானாக டப்பாவைத் திறந்தது. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. இவரே கூப்பிட்டால், "வேலையா இருக்கேன்பா," என்று வைத்துவிடுவாள். போனைக் குறை சொல்ல வேண்டியவன் பிள்ளையைச் சொல்லித் தொலைத்தேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தலைவலியே திரும்பி வந்தாலும் தேவலை என்று தோன்றியது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மகள் வீட்டுக்கே போய் நின்றார். அவள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. மாப்பிள்ளைதான் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"ரொம்பக் கோவமா இருக்காளா மாப்பிள்ளை? நான் கதிர்வீச்சைத்தான் சொன்னேன். தினமும் தலை வலிச்சா மனுஷன் என்ன செய்வான்?"

மாப்பிள்ளை டிவி மேஜையில் கிடந்த மாத்திரை அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்ககிட்டப் பேசி முடிச்சா அவளுக்கும் தினமும் தலை வலிக்கும் மாமா. ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு மறுநாளும் கூப்பிடுவா."