கடைசித் தாள்

“கடைசித் தாளு எங்கேங்க?”

கேட்கவே கூடாது என்று அப்பா லட்சுமணன் சொல்லி அனுப்பிய ரகக் கேள்வியை, பச்சையம்மா பி.ஏ. முதல் வாரமே கேட்டுவிட்டாள். ஐயா தானமாகத் தந்த பொருளில் நொட்டை சொன்னால் கிடைத்த வேலையும் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஐயா என்பது புளி வியாபாரி அருணகிரி. அந்த மலையூருக்கு முதல் படிப்பகம் வைத்தவர். மனைவி மாணிக்கம்மாள் படித்துத் தீர்த்த நாவல்களைக் கொண்டு அலமாரியை நிரப்பியவர். ஒவ்வொரு சந்தை நாளிலும் ஒரு நாவலைப் பற்றி நாலு வரி அபிப்பிராயம் எழுதி உரக்க வாசிப்பது பச்சையம்மாவின் உத்தியோகம்.

“கதை புரிஞ்சுதுல்ல? அப்பறம் தாளு எதுக்கு?” என்றார் அருணகிரி.

புரிந்தது. கதாநாயகி குடிகாரக் கணவனை விட்டுப் படியிறங்கினாள். அத்தோடு புத்தகம் முடிந்தது. ‘துணிச்சலான முடிவு. ஆசிரியரைப் பாராட்டலாம்’ என்று வாசித்தாள். சாமை விற்க வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துக் கேட்டார்கள்.

மறுவாரம் அவர்களில் ஒருத்தியின் புருஷன் சின்னராசு வந்து நின்றான். “எம் பொண்டாட்டி அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. இன்னாடின்னு கேட்டா, புஸ்தகத்துலயே அப்பிடித்தானாம்.”

அருணகிரி பதறிப்போய், அட்டையில் கோலம் போடும் பெண் இருந்த நாவலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அவளும் கடைசியில் ரயிலேறிவிட்டாள். பச்சையம்மாவுக்கே குழப்பம். நம் எழுத்தாளர்களுக்கு இவ்வளவு தைரியம் எப்போது வந்தது? ‘சற்று அவசரப்பட்டாளோ’ என்று தணித்து வாசித்துப் பார்த்தாள்.

“அதெல்லாம் வுடு. போய்ட்டாளா, இல்லியா?” என்று கேட்டார்கள் பெண்கள்.

அந்த வாரம் பல வீடுகளில் ஆண்களே களி கிண்டினார்கள். மூன்றாவதாக வந்தது பக்தி மணக்கும் நாவல். அதிலும் கதாநாயகி கிளம்பினாள்.

அருணகிரிக்குப் பொறுமை போயிற்று. “மூணு பேரும் திரும்பி வந்து புருசன் கால்ல வுழுந்து அழுதாங்கன்னு எழுதி வாசி.”

“படிக்காதத எழுத மாட்டேங்க. அது பொய்யி.”

“அப்ப சாவிய வெச்சுட்டுப் போ.”

சாவி ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. மூன்று நாயகிகளையும் படித்த கையோடு, தானும் திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடிப்பதென்று காலையிலேயே அவள் தீர்மானித்தாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

வாசலில் மோர்ச் சொம்போடு வந்த மாணிக்கம்மாள் அவளோடு நாலடி கூடவே நடந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“நிக்காத, நடந்துக்கினே இரு கண்ணு. அவரு குத்துமதிப்பா சொன்னாலும் நெசந்தான். மூணு பேரும் திரும்பி வந்து கால்ல வுழுந்தாளுங்க. தாள நாந்தான் கிழிச்சேன்.”