நாற்பத்தைந்து மார்க் ரத்தம்

"நாப்பத்தஞ்சா!" முத்துசுவாமி ரத்தப் பரிசோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். "சேஷம், என் ரத்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கலைடீ!"

பாலக்காட்டில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர். நூற்றுக்கு இத்தனை என்று எதைக் கண்டாலும் அவருக்கு மார்க்காகத்தான் தெரியும். தாளில் ஹீமோகுளோபின் பதினைந்து கிராம், ஹிமாட்டோகிரிட் நூற்றுக்கு நாற்பத்தைந்து என்றிருந்தது.

"ஏன்னா, அந்தப் பதினஞ்சு எத்தனைக்கு?" என்றாள் மனைவி சேஷம்மாள்.

"இருபதுக்கு இருக்கும், அது போகட்டும். நாப்பத்தஞ்சு வாங்கினவனை நான் பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன். கொல்லங்கோட்டுப் பையன் ஒருத்தன், வருஷம் முழுக்க அங்கேதான் நின்னான்."

சேஷம்மாளின் கவலை வேறு. ஏலப்பாறை மலையில் மகள் சுப்புலட்சுமிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அங்கே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு வேலை தயார். டாக்டர் சர்டிஃபிகேட் ஒன்றுதான் பாக்கி. பேரனை மடியில் போட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் கை பரபரத்தது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்கோளேன்."

"இந்த மார்க்கையா? மானம் போயிடும். மறுபரீட்சை எழுதிட்டுக் காட்டறேன்."

லேபுக்குப் போய் விசாரித்தார். ரத்தத்தை மெல்லிய குழாயில் அடைத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், நீர் மேலே நிற்கும், மொத்தத்தில் சிவப்பு எத்தனை பங்கோ அதுதான் ஹிமாட்டோகிரிட் என்றார்கள். வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இது வெறும் பின்னமாக்கும்! சிவப்பைக் கூட்டணும், தண்ணியைக் குறைக்கணும். அவ்வளவுதான்."

வீட்டில் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் குவிந்தன. ரசம், மோர், காப்பி எல்லாவற்றுக்கும் தடை. தண்ணீரோ நாக்கை நனைக்க மட்டும். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டது, தலை சுற்றியது.

"தலை சுத்தறதுன்னா ரத்தம் ஊறறதுன்னு அர்த்தம்," என்றார்.

மறுபரீட்சையில் ஹீமோகுளோபின் பதினெட்டு, ஹிமாட்டோகிரிட் ஐம்பத்துநாலு. "இன்னும் ஆறே மார்க்!" என்று துள்ளியவர், அப்படியே வாசல்படியில் சரிந்தார். சேஷம்மாள் அலறிப் புடைத்து, வண்டி பிடித்து டாக்டரிடம் கொண்டுபோய், எஸ்டேட் வேலை விஷயத்தையும் சொல்லித் தாள்களை நீட்டினாள்.

டாக்டர் ஊருக்குப் புதுசு. பெரிய மீசை. இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க சார், தண்ணியே குடிக்கறதில்லீங்களா? ரத்தம் கூழாட்டம் கெட்டியாயிருக்குது. இந்த லட்சணத்துல மலையேற நான் சர்டிஃபிகேட் தரமாட்டேனுங்க."

வாத்தியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "அறுபது வந்துட்டாத் தருவேளா?"

"அறுபது வந்தா ஆஸ்பத்திரியில படுக்கோணுமுங்க! உங்களுக்கு நாப்பத்தஞ்சுதான் சரியான கணக்கு. ஹீமோகுளோபினை மூணால பெருக்கிப் பாருங்க, ஏறக்குறைய அதுதான் வரும். நீங்க ரத்தத்தைக் கூட்டலீங்க. தண்ணியை வத்த வெச்சிருக்கீங்க."

வாத்தியார் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். மூணு பதினஞ்சு நாற்பத்தைந்து. மூணு பதினெட்டு ஐம்பத்துநாலு. இத்தனை அழகான கணக்கு தன் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்ததா என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மயக்கம்கூட மறந்துபோயிற்று.

ஒரு வாரம் ரசமும் மோருமாகக் குடித்துத் தள்ளினார். மூன்றாம் பரீட்சையில் பழையபடி நாற்பத்தைந்து.

"அப்போ இது நல்ல மார்க்தானா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அருமையான மார்க்குங்க," என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு சர்டிஃபிகேட்டை நீட்டினார். வாத்தியார் வாங்கப்போனார். டாக்டர் பிடியை விடவில்லை.

"அப்படீன்னா, நானும் உங்க கிளாஸ் பெஞ்சு மேல இருந்து எறங்கிக்கட்டுங்களா, சார்?"